பழைய செய்தித்தாளில் உன் மூக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

சலசேனி எழுதுகிறேன். ஆக்லாந்தில் நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? லவுட்டோக்காவில் மழை விட்டதா?

என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வரலாற்றில் பேர் வாங்கிய பெண்களைத் தேடுகிறார்கள். நம் தீவுகளில் பிறந்தவராக இருக்க வேண்டும், அவரை நேரில் அறிந்த ஒருவரிடம் பேசி வர வேண்டும் என்று சட்டம் போட்டது நான்தான்.

செவ்வாயன்று செனிமிலி என்ற வாயாடி பழைய ஃபிஜி செய்தித்தாளின் நகலை நீட்டினாள். தையல் ஆலை வேலைநிறுத்தம். படத்தில், ஆலை வாசலை மறித்து முதல் ஆளாக நீ.

"மிஸ், இந்தம்மா மூக்கு அப்படியே உங்க மூக்கு! சொந்தமா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து, "ஃபிஜியில பாதிப் பேருக்கு இந்த மூக்குதான்டி. போய் உட்காரு" என்றேன்.

"அப்போ இவங்களத் தெரிஞ்ச ஆளுக்கு நான் எங்க போவேன்?" என்று தாளை மடித்துவிட்டாள்.

அந்த வேலைநிறுத்தத்தில் போலீஸ் உன்னைப் பிடித்துப் போய் விடுவித்த அந்த வார ஞாயிறு, சர்ச்சில் வெட்கப்பட்டு உன் பக்கத்தில் உட்காராமல் அத்தையிடம் ஓடினேனே, எனக்குள் இருக்கும் அதே பத்து வயதுக்காரிதான் செவ்வாயன்றும் பேசினாள்.

இன்று காலை செனிமிலியைக் கூப்பிட்டு, அது என் அம்மா என்ற உண்மையைச் சொன்னேன். உடனே நோட்டைத் திறந்து, "அப்போ அவங்க பக்கத்துல யாரு இருந்தா?" என்று கேட்டாள்.

என் பூப்போட்ட சட்டை தோளில் கிழிந்துவிட்டது. இங்கே தைத்துத் தர ஆளில்லை, ஒன்று தைத்து அனுப்பு. மணி அடிக்கிறது. கிறிஸ்மஸுக்கு வருகிறேன். சர்ச்சில் உன் பக்கத்தில் இடம் பிடித்து வை.

உன் மகள்
சலசேனி