ரேடியேட்டரில் கிடைத்த செதில்

அண்ணி,

மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தபோது செம்மண் குழம்பு மாதிரி துருத் தண்ணீர் கொட்டியது. அதற்குள் ஒரு மீன் செதில் மினுக்கியது. அவன் அதை விரல் நுனியில் எடுத்துக் காட்டி, "இன்னாக்கா, ரேடியேட்டர்ல வல போட்டியா?" என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான். அது எப்போது உள்ளே போனது என்று எனக்குத்தான் தெரியும்.

நம் கார் கேளம்பாக்கத்தில் நடுரோட்டில் நின்றுவிட்டது. இஞ்சின் இறுகிப்போய்விட்டதாம். இதையே பிரித்து, கடைசல் பிடித்து, புது பிஸ்டன் போட்டுக் கட்டலாம். ஆனால் உள்ளே உப்பு அரித்திருப்பதால் எத்தனை நாள் ஓடும் என்று சொல்ல முடியாதாம். இல்லையென்றால் உடைக்க வந்த வேறொரு காரின் இஞ்சினைத் தூக்கி இதில் வைக்கலாம். "சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுக்கா, வண்டி எடத்த அடச்சிகினு கீது" என்றான்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "வேற வச்சிட சொல்லு. நாளைக்கு மீனு போவணும்ல" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். பெண்டாட்டி ஓட்டிய இஞ்சினைத் தூக்கிப் போடச் சொல்ல இந்த மனுஷனுக்கு எப்படி வாய் வந்தது என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டு, "இதையே கட்டு" என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். நான் கவிழ்த்துப் போட்ட டயரில் போய் உட்கார்ந்தேன்.

வாங்கும்போதே அது கிழட்டுக் கார். பின் சீட்டைக் கழற்றிவிட்டு ஐஸ் பெட்டிகளை ஏற்றினாய். திருவிடந்தையிலிருந்து படூர் அடுக்குமாடிகள் வரை நீ ஓட்ட, நான் கூவி விற்றேன். பொம்பளை கார் ஓட்டுகிறாள் என்று குப்பத்தில் வாயைப் பிளந்தவர்களே பிறகு கல்யாணப் பெண்ணை அழைத்துவரக் காரைக் கேட்டு வந்தார்கள். முன் சீட்டில் பட்டுப் புடவை, பின்னால் காலிப் பெட்டிகள். அந்தப் பெண் வழி முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு வந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

பிறகு அந்த நாள். படூரில் பாதி மீன் விற்பதற்குள் உனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. உன் நெஞ்சு நோய்க்கு வழக்கமாகப் பார்ப்பது செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில். பெட்டிகளை இறக்கக்கூட நிற்காமல், முன் சீட்டைச் சாய்த்து உன்னைப் படுக்க வைத்து, நீ கற்றுக்கொடுத்த தைரியத்தில் நான் ஓட்டினேன். திருப்போரூர் தாண்டிக் காட்டு ரோட்டில் போகும்போது பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சுற்றிலும் வீடும் இல்லை, குழாயும் இல்லை. இருந்தது பெட்டிக்குள் உருகி நின்ற ஐஸ் தண்ணீர்தான். ஐஸ் தாங்கட்டும் என்று கல்லுப்பு தூவுவோமே, அந்தத் தண்ணீர்.

நான் வாளியில் மொண்டதைப் பார்த்துவிட்டாய். மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரத்திலும், "உப்புத் தண்ணி ஊத்தாதடி. இஞ்சினு பூடும்" என்றாய்.

"போனா போவுது. வேற மாத்திக்கலாம். நீ கம்முனு படு."

"நல்லா ரோசன பண்ணிக்க. பூடுச்சின்னு அப்பால அழக் கூடாது."

"இஞ்சினுக்குப் போயி எவளாவது அழுவாளா?" என்றபடியே ஊற்றினேன். செதிலும் சேர்ந்து போயிருக்கிறது.

அன்று உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன், அண்ணி. அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க எங்களோடு இருந்தாய். அலை உயர்ந்து யாரும் கடலுக்குப் போகாத நாட்களில் கருவாட்டுக் குழம்பு வைத்து, உப்பு கூடிவிட்டது என்று நீயே குறை சொல்லிக்கொண்டு சாப்பிட்டாய். வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகலாம் என்றாய். அங்கே போவதற்குள் நீ போய்விட்டாய்.

டயரில் உட்கார்ந்து இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோது, நானே வேறொரு இஞ்சினைத் தேர்ந்தெடுத்து வெகு நாளாகிவிட்டது என்று புரிந்தது. அந்தக் காட்டு ரோட்டிலேயே கேள்வி வந்தது. கொஞ்சமும் யோசிக்காமல் பதிலும் சொன்னேன். இப்போது இந்த இரும்பைக் கட்டிக்கொண்டு அழுதால், அன்று சொன்னது பொய்யாகிவிடும். எழுந்து போய், "வேறயே வச்சிடுப்பா" என்றேன். பழையதை எடுத்துவிடச் சொன்னதை அண்ணனுக்கும் போன் போட்டுச் சொன்னேன். "அந்த இஞ்சினுதான் அவள ஆஸ்பத்திரில கொண்டாந்து சேத்துச்சி" என்றார். அதன் அருமை அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

புது இஞ்சின் சத்தமில்லாமல் ஓடுகிறது. நம் படகு இஞ்சினுக்குச் செய்வது போலவே மஞ்சளும் குங்குமமும் வைத்தேன். நீ படுத்திருந்த சீட்டுக்குக் கீழே ஒரு கேன் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கிறது.

பழைய இஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கியபோது மட்டும் அழுதேன். இஞ்சினுக்காக இல்லை, அண்ணி. சொன்ன சொல் அப்படியே இருக்கிறது.