அப்பாவின் கட்டைவிரல்

காத்தோங்,
நவம்பர் 1962

அன்பு மகளே,

உங்கள் மடத்துத் தலைவி மதர் படித்த பிறகுதான் இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் என்று தெரியும். படிக்கட்டும். மடத்துக்குள் போனவள் பெற்றவர் சாவுக்கும் வெளியே வரக்கூடாது என்பது உங்கள் சட்டம். அதை மாற்றச் சொல்லி எழுதவில்லை.

இங்கே மழை நிற்கவே இல்லை. உன் கொய்யா மரம் விழுந்துவிட்டது.

மாலை ஜெபம் முடிந்ததும் அப்பா கட்டைவிரலால் பிள்ளைகள் நெற்றியில் சிலுவை போடுவது தஞ்சோங் பகாரில் நான் பிறந்த வீட்டிலும் உண்டு. ஆறு பேரும் வரிசையாக நிற்போம். என் அப்பாவின் விரலில் மூக்குப்பொடி வாடை அடிக்கும். திரும்பியதும் பாவாடையால் துடைத்துவிடுவேன். நீ அப்படியில்லை. உன் அப்பா போட்டு முடித்ததும், "எனக்கு இன்னொண்ணுப்பா" என்று மறுபடியும் வரிசையில் போய் நிற்பாய். வரிசையே நீ ஒருத்திதான்.

பக்கவாதத்தில் விழுந்த உன் அப்பாவுக்கு இடது கை, கால் இன்னும் வரவில்லை. கிறிஸ்துமஸ் வரை தாங்கினால் பெரிது என்கிறார் டாக்டர்.

"பாப்பா வரலையா?" என்று தினமும் கேட்கிறார்.

"மழை விடட்டும், வருவா" என்கிறேன்.

நேற்று விளக்குப் போட்ட நேரத்தில், படுத்தபடியே வலது கட்டைவிரலைத் தூக்கினார், ஒரு சிறுமியின் நெற்றி உயரத்துக்கு.  இறக்கவே இல்லை. காலேஜ் நாட்களிலேயே எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை போய்விட்டது, உனக்கே தெரியும். கட்டிலருகே மண்டியிட்டு என் நெற்றியைக் கொடுத்தேன்.

"இன்னொண்ணு வேணுமா, பாப்பா?" என்றார்.

"வேணும்ப்பா" என்றேன்.

உன் அம்மா