அதே பாட்டு, வேறு குரல்

திண்டிவனம்
தை, 1964

அன்புள்ள உங்களுக்கு,

கல்யாணத்துக்கு முன் நான் பாடி, இசைத்தட்டாகி ஊரெல்லாம் ஒலித்த நாடகப் பாட்டை இப்போது வேறொரு பெண் பாடியிருக்கிறாள். போன வாரம் விழுப்புரம் கடைத்தெருவில் அதைக் கேட்டு நின்றுவிட்டீர்கள்.

"இன்னாமா பாடுது இந்தப் பொண்ணு!" என்றீர்கள். வீட்டில் நான் முணுமுணுக்கக்கூட நீங்கள் விட்டதில்லை.

அவள் நன்றாகத்தான் பாடுகிறாள். இங்கே என் அம்மா வீட்டுக்கு வந்ததும் எங்கள் நாடகக் குழுவின் பழைய ஆர்மோனியக்காரர் அப்பாதுரையை அழைத்துப் பாடிப் பார்த்தேன். மேலே போகும்போது குரல் உடைந்தது.

"இன்னொருவாட்டி பாடும்மா, வந்துரும்," என்றார். வந்தது.

மாசி மகத்தன்று இங்கே மேடையேறுகிறேன். அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. முன்வரிசையில் உங்களுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி