அணைக்க வேண்டாம்

பிப்ரவரி 3, செவ்வாய்

நீண்ட யோசனைக்குப் பிறகு, பின்விளைவுகளை எல்லாப் பக்கமும் எடைபோட்டுப் பார்த்த பிறகு, இன்று ஒரு முடிவுக்கு வந்தேன். கணினித் திரையின் பின்னணியில் இருக்கும் அருவியை எடுத்துவிடுவது. ஐந்து வருடமாக ஓயாமல் விழுந்துகொண்டிருந்த அருவி. வீட்டில் யாரையும் கலந்துகொள்ளவில்லை. பெரிய முடிவுகளை மனிதர்கள் தனியாகத்தான் எடுத்திருக்கிறார்கள். அருவி இருந்த இடத்தில் இப்போது வெறும் நீலம்.

காரணம் இருக்கிறது. இந்த வீட்டுக் கணினி கொஞ்ச நாளாகக் காலையில் கண் விழிக்க மறுக்கிறது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, திரையில் புள்ளிகள் வட்டமாக ஓடுகின்றன, ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவ்வளவு தண்ணீரையும் தினம் தூக்கி நிறுத்த வேண்டியிருப்பதுதான் சிக்கல் என்பது என் கணிப்பு.

நான் மட்டும் அதில் உட்கார்ந்திருந்தவரை இது ஒரு குறையாகவே தெரியவில்லை. வார இதழில் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறவன் தாமதமாகத் தொடங்கினால் வாசகர்கள் சங்கடப்படுவதில்லை. அந்த இதழ் போன வருடம் நின்றுவிட்டது. அதற்கும் என் பத்திக்கும் சம்பந்தமில்லை என்று ஆசிரியர் இரண்டு முறை சொன்னார். ஒரு முறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

இப்போது அதில் உட்காருகிறவள் என் மனைவி. ஒரு பல் மருத்துவமனைக்கு வீட்டிலிருந்தே தொலைபேசி எடுத்து, வலியோடு அழைக்கிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை. ஒரு மாதம் சோதனைக் காலம். எட்டு மணிக்குள் உள்நுழைய வேண்டும். மூன்று முறை தாமதமானால் நன்றி, வணக்கம். நேற்று முதல் நாள். நேற்றே ஒரு தாமதம் ஆகிவிட்டது.

பிப்ரவரி 4, புதன்

அருவி போனதில் கணினிக்கு வருத்தமும் இல்லை, வேகமும் இல்லை. ஏழுக்கு முன்பே போட்டு வைத்ததால் தப்பித்தோம்.

பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் மாமா காப்பி கொண்டுவந்து வைத்தார். மாமா என்பது மனைவியின் அப்பா. தீயணைப்பு நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இளைய மகள் வீட்டில் இருந்தார், டிசம்பரிலிருந்து எங்களோடு இருக்கிறார். அவர் வந்த பிறகு இந்த வீட்டில் பால் பொங்கி வழிந்ததில்லை, குழாய் சொட்டியதில்லை. தினமும் படுக்கும் முன் ஒரு சுற்று வருவார்: அடுப்பு, சிலிண்டர், ஜன்னல், கதவு. இத்தனை வருடம் நாங்கள் உயிரோடு இருந்தது தற்செயல் என்று அவர் வாயால் சொன்னதில்லை. நடையில் தெரியும்.

காப்பி நன்றாக இருந்தது. நன்றி சொன்னேன். “சூடா இருக்கு, பாத்து” என்றார்.

பிப்ரவரி 5, வியாழன்

மைத்துனியை அழைத்தேன். மனைவியின் தங்கை, வேறு ஊரில் ஒரு நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறாள். அருவி விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“நல்ல வேளை அத்தான், கடல் படம் வைக்காம இருந்தீங்க.”

பிறகு, கணினியோடு சேர்ந்து தானாக எழுந்திருக்கிறவை எவை என்று ஒரு பட்டியல் இருக்கும், அதைத் திறந்து வேண்டாததை நிறுத்துங்கள் என்றாள். திறந்தேன். சதுரங்கம் ஒன்று, யாரும் விளையாடியதில்லை. இறந்துபோன அச்சுப்பொறியின் மென்பொருள். தினமும் காலையில் எழுந்து வீடு முழுக்க அதைத் தேடிவிட்டு ஏமாந்துபோய் உட்காருகிறது. அதை நிறுத்தும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

என் பழைய பத்திகள் எல்லாவற்றையும் கணினியிலிருந்து எடுத்து விரலளவு நினைவுக்குச்சி ஒன்றில் போட்டேன். பாரம் குறையட்டும் என்று. என் எழுத்தில் கனம் இல்லை என்று விமர்சகர்கள் சொல்லிவந்ததைக் கணினி இன்று உறுதிசெய்தது. எந்த மாற்றமும் இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

விடுமுறை. பெட்டியின் முதுகைக் கழற்றித் தூசி தட்டினேன். மாமா பக்கத்தில் நின்று டார்ச் அடித்தார். “இந்தத் தூசியே போதும் மாப்ளை, ஒரு பொறி பட்டா பஞ்சு மாதிரி பத்திக்கும்” என்றார், நல்ல செய்தி சொல்வதுபோல. மீண்டும் மூடியபோது ஒரு திருகாணி மிஞ்சியது.

பிப்ரவரி 9, திங்கள்

இரண்டாவது தாமதம்.

ஆறரைக்கே போட்டோம். ஆறரைக்கு. அது பாட்டுக்கு ‘மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம், கணினியை அணைக்க வேண்டாம்’ என்று எழுதிக் காட்டிவிட்டுப் புள்ளிகளை ஓட விட்டது. பிறகு தானே அணைந்து, தானே எழுந்து, மறுபடியும் அதே வாசகம். யார் என்ன மாற்றம் கேட்டது இதன்கிட்ட? எதைத் திரும்பப் பெறுது? நான் எடுத்ததே ஒரு அருவியைத்தானே.

கணினி தமிழில் பேச வேண்டும் என்று அடம்பிடித்து மொழியை மாற்றி வைத்தவன் நான்தான். அதனால் திட்டுவதற்குக்கூட வேற்று மொழி ஆள் யாரும் கிடைக்கவில்லை.

மனைவி கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. திரையைப் பார்த்தபடி, “அணைக்க வேண்டாமாம். யாரு அணைக்கப் போறாங்க? இந்த வீட்டுல மனுஷியையே யாரும் அணைக்கக் காணோம்” என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எட்டு தாண்டிக்கொண்டிருந்தது.

மாலையில் வேலை முடிந்ததும் காதுபேசியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: “எட்டு மணிக்கு ஒரு இடத்துல என்னை எதிர்பார்த்துட்டு இருக்காங்க. கல்யாணத்துக்கப்புறம் இதான் முதல் தடவை. இது போச்சுன்னா நான் இன்னொரு இடத்துக்கு எழுதிப் போட மாட்டேங்க.”

கடிகாரத்தில் அலாரத்தை ஐந்து மணிக்கு மாற்றி வைத்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று ஐந்தரைக்கே போட்டோம். ஏழே முக்காலுக்கு எழுந்தது. மயிரிழை. இந்தக் கணக்கில் போனால் முந்தின நாள் இரவே போட்டு வைக்க வேண்டியதுதான் என்று மைத்துனியிடம் அலுத்துக்கொண்டேன்.

அவள் சிரிக்கவில்லை. மாலையில் அதை நிறுத்தும்போது என்ன காட்டுகிறது என்று கேட்டாள். சொன்னேன்: ‘புதுப்பித்தல் நடக்கிறது, அணைக்க வேண்டாம்’ என்று காட்டும், நான் அதன் விருப்பத்தை மதித்து அப்படியே விட்டுவிட்டுப் படுத்துவிடுவேன், காலையில் பார்த்தால் அணைந்திருக்கும், வேலையை முடித்துத் தானே தூங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

“எவ்வளவு நாளா இப்படி?”

டிசம்பரிலிருந்து இருக்கலாம் என்றேன்.

“டிசம்பர்லயா... அத்தான், அப்பா ராத்திரி சுத்தி வர்றாரே, பிளக்கை எல்லாம் என்ன பண்றார்னு பாத்திருக்கீங்களா?”

பார்த்ததில்லை. நான் சீக்கிரம் படுக்கிறவன்.

“எங்க வீட்டுல ஃப்ரிட்ஜைத் தவிர ஒண்ணு விடாம புடுங்குவார். விடியறதுக்குள்ள எழுந்து திரும்பச் சொருகிடுவார். அதுக்காகவே நான் மடிக்கணினி வாங்கினேன்.”

ஆக, நடந்தது இது. புதுப்பித்தல் ஒவ்வொரு இரவும் தொடங்குகிறது. பாதியில் மின்சாரம் போகிறது. காலையில் எழுந்ததும் பாதி வேலையை எல்லாம் கலைத்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. மறுநாள் மறுபடியும். இரண்டு மாதமாக அந்தப் பெட்டி தினமும் சுவர் எழுப்பி, தினமும் தானே இடித்துக்கொண்டிருக்கிறது. நான் அதன் அருவியைப் பிடுங்கியிருக்கிறேன்.

சாப்பிடும்போது மாமாவிடம் சொன்னேன். சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். திரையில் எழுதியிருந்ததைப் பார்த்தீர்களா மாமா என்று கேட்டேன்.

“பாத்தேன். தினம்தான் பாக்கறேன்.”

“அணைக்க வேண்டாம்னு போட்டிருக்குமே?”

“தீப்பிடிச்ச வீட்டுக்காரனும் அதைத்தான் சொல்வான், மாப்ளை. தண்ணி அடிக்காதீங்க, சாமானெல்லாம் கெட்டுப் போயிடும்னு வழியை மறிச்சுட்டு நிப்பான். அவன் பேச்சைக் கேட்டா நாங்க வேலை செய்ய முடியுமா?”

மனைவி தட்டைத் தள்ளிவைத்தாள். “அப்பா, இன்னும் ஒரே ஒரு தடவை லேட் ஆனா என் வேலை போயிடும்பா.”

மாமா கையைத் தட்டிலேயே வைத்திருந்தார். இது அவருக்கு இப்போதுதான் தெரிகிறது என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. தாமதத்தைப் பற்றி நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை. வயதானவர், கவலைப்படுவார் என்று. அவர் பிளக்கைப் பற்றி எங்களிடம் சொல்லவில்லை. நாங்கள் சிரிப்போம் என்று இருக்கலாம். ஒருவர்மேல் ஒருவர் வைத்த அக்கறையில் வேலை போகப் பார்த்தது.

பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னார். ஒரு வீடு. செல்போனை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். “நாங்க போய்ச் சேர்றப்போ வாசல்ல செருப்பெல்லாம் வரிசையா இருந்துச்சு. எல்லாரும் வீட்டுலதான் இருக்காங்கன்னு அதைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டோம்.”

இத்தனை வருடம் கல்யாணங்களிலும் விருந்துகளிலும் பார்த்த இந்த மனிதர் என் கண்ணுக்கு ஒரு கறாரான மாமனாராக மட்டுமே தெரிந்தார். எங்கள் வாசல் செருப்புகளையும் தினம் எண்ணிவிட்டுத்தான் அவர் படுக்கிறார் போலிருக்கிறது.

மனைவி தொலைபேசியில் மைத்துனியை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டாள். ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி எரிய விடுங்கப்பா என்றாள் மைத்துனி. அந்த வினைச்சொல்லை இந்த வீட்டில் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். மாமா நிமிர்ந்து பார்த்தார்.

“வாழ்க்கை முழுக்க அணைச்சே சம்பளம் வாங்கினேன். அணைக்காதேன்னு எனக்கே உத்தரவு போடுது பாரு இந்தப் பெட்டி” என்றார். பிறகு மகளைப் பார்த்தார். “சரி. இருக்கட்டும். ஆனா நான் பக்கத்துல இருப்பேன்.”

பிப்ரவரி 11, புதன்

காலையில் எழுந்து பார்த்தால் பால்கனிப் பூந்தொட்டிகளில் மண் இல்லை. மண் முழுவதும் ஒரு வாளியில், வாளி கணினிக்குப் பக்கத்தில், வாளிக்குப் பக்கத்தில் நாற்காலி, நாற்காலியில் மாமா. சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார்.

அறிக்கை கொடுத்தார்: “ரெண்டு தடவை தானா அணைஞ்சு தானா எரிஞ்சுது. மூணு மணிவாக்குல அடங்கிடுச்சு. பின்பக்கம் லேசா சூடு, பயப்படற மாதிரி இல்லை. சேதம் எதுவும் கிடையாது.”

பொத்தானை அழுத்தினேன். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் வெறும் நீலம் வந்துவிட்டது. ஒரு கணம் அது பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன்.

மனைவிக்கு எட்டு மணிக்கு இன்னும் வேண்டிய நேரம் இருந்தது. தலை வாரிக்கொண்டாள். தொலைபேசியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. அவளுடைய முதல் அழைப்பு ஒரு கடைவாய்ப் பல். “ரொம்ப வலிக்குதாங்க? இன்னைக்கே பாத்துடலாம்” என்று அவள் சொன்ன குரல் எனக்குப் புதிது. இவ்வளவு காலம் அதை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்துகொண்டிருந்தாள்?

பூந்தொட்டி மண்ணைத் திருப்பிப் போட்டேன். செடிகள் மன்னித்தன என்றே நினைக்கிறேன்.

பிப்ரவரி 12, வியாழன்

வேகம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மைத்துனியிடம் நன்றி சொன்னேன். அடுத்த புதுப்பித்தல் எப்போது வேண்டுமானாலும் இரவில் வரும், அதனால் பிளக்கை இனிப் பிடுங்கவே கூடாது என்றாள். மாமாவிடம் நானே சொல்ல வேண்டுமாம். “மாப்பிள்ளை சொன்னா கேப்பாரு அத்தான். பொண்ணுங்க சொன்னாத்தான் வாதாடுவாரு.”

சொன்னேன். “பாக்கலாம்” என்றார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மாமா இன்று எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். சொந்த வீட்டை. எந்த ஸ்விட்ச் தளர்வு, எந்த வயரில் கீறல், இரவில் புகை வந்தால் எந்த ஜன்னல், மனைவி எந்தப் பக்கம் படுக்கிறாளோ அந்தப் பக்கம்தான் நான் முதலில் கை நீட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பதினைந்து வருடம் ஊரில் உள்ள எல்லாவற்றையும் கிண்டல் செய்து எழுதியவனுக்கு ஒரு வரிகூடத் தோன்றவில்லை. தளர்வான ஸ்விட்சை எலக்ட்ரீஷியனை வரவழைத்து மாற்றிவிட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

சோதனைக் காலம் நேற்றோடு முடிந்தது. இன்று காலை மேற்பார்வையாளர் அழைத்து வேலையை உறுதி செய்தார். நோயாளிகள் இவளைத்தான் கேட்கிறார்களாம், அந்த அம்மாவையே கொடுங்கள் என்று. மனைவி “சரிங்க மேடம், ரொம்ப சந்தோஷம்” என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு வைத்தாள். வைத்த பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

மாமா காப்பி போட்டார். மூவரும் நின்றுகொண்டே குடித்தோம். நான் ஏதாவது பொருத்தமாகச் சொல்வேன் என்று இருவரும் என்னைப் பார்த்தார்கள். நன்றி என்றேன். யாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை.

மாலையில் மாமாவின் கட்டிலைக் கணினி அறைக்கு மாற்றினோம். பிளக் இருக்கும் சுவர்ப் பக்கம் தலை வைத்துப் படுக்கிறார்.