வேகாத தோள்கறியும் மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டிய ஒன்றும்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு எழுத்து வராது என்பதால் கீழ்வீட்டுத் தையற்காரம்மா எழுதுகிறார். போனில் கேட்கலாம்தான், ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் உங்கம்மா பதில் சொல்லிவிடுகிறாள், எனக்கு வேண்டியது உன் பதில்.

விஷயம் அந்தப் பன்றிக்கறிதான். மாப்பிள்ளை அடுத்த மாதக் கடைசியில் வேலையாகத் தனியே இங்கே வருகிறார், இரண்டு நாள் நம் வீட்டில் தங்குவார், அவருடைய அம்மா இறந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, ஜமைக்காவில் அந்தம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் செய்த கறியைச் செஞ்சு வைங்கப்பா என்று சொன்னாய். நீ சொன்ன முறை ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது, நடுவில் இரண்டு தும்மல் போட்டாய், அதுகூட. தோள்கறியை அங்கங்கே கீறி, நீ அனுப்பிய மிளகு மாதிரி உருண்டையை இடித்து, அதை முகர்ந்தால் கிராம்பா பட்டையா ஜாதிக்காயா என்று மூக்கே குழம்புகிறது, அதோடு தைம் இலை, இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், பழுப்புச் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தொப்பி போல் சப்பிய அந்த மிளகாய் எல்லாம் அரைத்துத் தடவி, ஒரு நாள் ஊறவைத்து, அலுமினியத் தாளால் மூடி, ஓவனில் சின்னச் சூட்டில் ஐந்து மணி நேரம். போன ஞாயிறு ஒத்திகை பார்த்தேன். கத்தி இறங்கவில்லையம்மா. செருப்புத் தோல்.

உங்கம்மா சொல்கிறாள், கால் மணிக்கொரு தரம் கதவத் தொறந்து தாளைத் தூக்கிப் பாத்தா அது எப்பிடி வேகும், இதென்ன உங்க ஆலைக் கொதிகலனா என்று. முப்பத்தெட்டு வருடம் கால் மணிக்கொரு தரம் எழுந்து கொதிகலனின் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்த உடம்பு. பார்க்காமல் விட்டால் வெடிக்கும் என்றுதான் எனக்குத் தெரியும், பார்த்ததால் வேகவில்லை என்றால் புரியவே இல்லை. புதன்கிழமை மறுபடி வைத்தேன். உங்கம்மா ஓவன் முன்னால் நாற்காலி போட்டு, கிட்ட வந்தீங்கன்னா கரண்டிதான் என்று காவல் காத்தாள். கறி பஞ்சாக வந்தது, எலும்பு தானாகக் கழன்றது. தையற்காரம்மா தின்றுவிட்டு, பெரியவரே கடையே போடலாம் என்றார். சந்தோஷப்பட வேண்டியவன்தான், ஆனால் அங்கிருந்துதான் எனக்குக் குழப்பம்.

என் அம்மா செத்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அவள் காய்ச்சும் கஞ்சி ஒருநாள் தவறாமல் அடிப்பிடிக்கும், நானும் ஒருநாள் தவறாமல் திட்டிக்கொண்டே குடிப்பேன். அவள் போன இரண்டாவது வாரம் என் அக்கா ஒரு கருகல் இல்லாமல் பதமாகக் காய்ச்சி வைத்தாள். ஒரு வாய் இறங்கவில்லை, எழுந்து வெளியே போய்விட்டேன். தன் கைச்சமையல் எனக்குப் பிடிக்கவில்லை என்று அக்கா இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை, நானும் காரணம் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தால்தானே. இப்போது நான் நன்றாகச் செய்து வைத்து மாப்பிள்ளை எழுந்து போனால் என்ன செய்வேன்? செய்யாமல் விட்டால் கேட்டும் செய்யவில்லை என்று ஆகாதா? உங்கம்மா, சோறு போட எதுக்கு இவ்ளோ யோசனை என்கிறாள். தையற்காரம்மா முதலில் செய்யுங்க என்றார், கஞ்சிக் கதையை எழுதி முடித்ததும் வேணாமோ என்கிறார்.

அதனால் ஒன்று செய். நீ சொன்னதெல்லாம் சம்பந்தியம்மா சரியாகச் செய்தது. அவர் எதைத் தப்பாகச் செய்வார், மாப்பிள்ளை எதைச் சொல்லி முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடுவார் என்று நேரம் பார்த்துக் கேள். ஓரம் கருகுமா, சர்க்கரை தூக்கலா, இஞ்சி நார் பல்லில் மாட்டுமா. கேட்கும்போது கண் கலங்கினால் விட்டுவிடு, நான் முட்டை பொரித்துப் போடுகிறேன். சிரித்தால் அந்தத் தப்பை எனக்கு எழுது. அதையும் சேர்த்துச் செய்து வைக்கிறேன்.

நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசி. அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் பதில் வரட்டும், அதற்கும் ஒரு ஒத்திகை பார்க்க வேண்டும், கறி ஊறவே ஒரு நாள் ஆகும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்கும் உன் அப்பா