சத்தம் குறைந்த கொம்பிரசர்

2016 ஜூலை 14, இரவு 10.20. மச்சானின் முறைப்பாடு இன்றோடு நான்கு.

வீட்டோடு ஒட்டிய கராஜில் நான் பெயின்ட் அடிக்க வைத்திருந்த கொம்பிரசரின் சத்தத்தில் பிள்ளை தூங்குவதில்லை என்று தங்கச்சியின் மாப்பிள்ளை மூன்று தடவை சொல்லிவிட்டார். அதனால் அதை விற்றுவிட்டு, சத்தம் குறைந்த ஒன்றை இன்று கொழும்பிலிருந்து கொண்டுவந்தேன். இதில் காற்று போதாது. மோட்டார் சைக்கிளுக்குப் பெயின்ட் அடிக்கும்போது பாதியில் நிறுத்தி, காற்று நிறையும்வரை காத்திருக்க வேண்டும். தெரிந்துதான் எடுத்தேன்.

ஓடவிட்டேன். தொட்டிலில் கிடந்த பிள்ளை அசையவே இல்லை.

"எப்படி மச்சான்?" என்றேன்.

"சத்தம் இல்லதான். ஆனா கண்ட ஆக்களெல்லாம் வந்து போறாங்களே. நான் வேன் ஒண்டு எடுக்கப் போறன். அத எங்க நிப்பாட்டுற?"

"அத முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"வீட்டச் சீதனமாத் தந்தீங்க. கராஜ் மட்டும் ஒங்கடயா?"

அந்தக் கராஜின் ஒவ்வொரு கல்லும் நான் வைத்தது. வீட்டை அவள் பேருக்கு எழுதும்போது கராஜைப் பிரித்து எழுத யாருக்குத் தோன்றும்? தங்கச்சி கதவுக்குப் பின்னால் நின்றாள்.

நாளைக்கு:
1. கரைத்தீவுப் பக்கம் வாடகைக்கு ஒரு கொட்டில் பார்ப்பது.
2. பழைய கொம்பிரசரை வாங்கியவனிடம் அதைத் திருப்பிக் கேட்பது.
3. உம்மா கேட்டால், இடம் போதாமல் நானாகத்தான் போகிறேன் என்று சொல்வது.