ரோசியின் சலாம்

என் தங்க நைனாவுக்கு,

நீ போன பிறகு வந்த முதல் மழை நேற்றுப் பெய்தது. ரோசி நனையவில்லை. கொட்டகைக்குப் புதுக் கீற்றுப் போட்டுவிட்டோம். நீ முதலில் அதைத்தான் கேட்பாய்.

ஊர் ஊராகக் கூடாரம் அடித்து வித்தை காட்டியவன் நீ. குரங்குகள், வளையம் தாண்டும் நாய், உன் கரடி ரோசி. செங்கல்பட்டு மைதானத்தில் அவள் தண்ணீர்த் தொட்டியில் இடித்து விழுந்தபோதுதான் கண் போய்விட்டது என்று உனக்குத் தெரிந்தது. கூட்டம் சிரித்ததாமே. மற்ற மிருகங்களைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு, அவள் மூக்குக் கயிற்றை அறுத்தெறிந்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்துக்குக் கூட்டிவந்தாய். "இனிமே இது யாருக்கும் சலாம் போட வாணாம்மா" என்றாய்.

"கொயந்தைங்க ஆடுற எடத்துல கரடி இன்னாத்துக்கு?" என்று பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா சண்டைக்கு வந்தாள். மாதம் திரும்புவதற்குள் அவளே கூழ் கொண்டுவந்து ஊட்டினாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தபோது, "அது துன்னுச்சா?" என்று கேட்டாய். "துன்னுச்சு நைனா" என்றேன். மறுநாள் நான் வருவதற்குள் போய்விட்டாய்.

உன்னைத் தூக்கும் நேரம் மேளம் அடிக்கத் தொடங்கினார்கள். கொட்டகைக்குள் சங்கிலி இழுபட்டது. திரும்பினால், ரோசி பின்னங்காலில் எழுந்து நிற்கிறாள். ஆட்டம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துவிட்டாள், பாவம். சுவர்ப் பக்கம் பார்த்து முன்கையை நெற்றிக்குத் தூக்கினாள். போதும் என்று நீ சொல்ல வேண்டுமே, அதற்காகக் கால் நடுங்க அப்படியே நின்றாள்.

"நிறுத்துங்கடா மோளத்த!" என்று அஞ்சலை அக்கா கத்தினாள். அதன் பிறகு சத்தமில்லாமல்தான் உன்னைக் கொண்டுபோனார்கள். நான் உள்ளே போய் ரோசியின் தோளை அமுக்கி உட்காரவைத்தேன். ஆயுசு முழுக்க மேளத்தோடு திரிந்தவனை மேளமில்லாமல் அனுப்பியதில் உனக்கு வருத்தமா, நைனா?

போன வாரம் கருங்குழித் திருவிழாவுக்கு வந்த வித்தைக்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். "கண்ணு தெரியலன்னா இன்னாம்மா, எழுந்து நிக்குது இல்ல? எனக்குக் குட்த்துடு." கல்பாக்கத்துக் கட்டட வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த உன் மருமகன் என்னைப் பார்த்தார்.

"அது எங்க வூட்டுப் பொண்ணுய்யா. நீ கெளம்பு" என்றேன்.

இப்போது அவளுக்குத் தீனி இறங்கவில்லை. அதிக நாள் தாங்கமாட்டாள் என்று எனக்கே தெரிகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவள் போகும்போது தனியாகப் போகமாட்டாள். அவள் தலை என் மடியில் இருக்கும். உன் தலையை வைத்துக்கொள்ளத்தான் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

உன் இரண்டு பெண்களில் பேசத் தெரிந்தவள்,
முனியம்மா